அவர் மனசுக்குள் ஒரு பக்கம்

மயூர் விஹார், தில்லி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சாந்தகுமாரி மதினிக்கு,

இந்திராணி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே புகைமூட்டம் ஆரம்பித்துவிட்டது. பகலில்கூட ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்கள் தம்பி வெளிக்காற்றே வாங்கவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பக்கவாதத்தில் பேச்சு போனபின் அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல், ‘அச்சா’. ஆபீஸில் காலமெல்லாம் மேலதிகாரிகளிடம் சரி சரி என்று சொல்லிப் பழகிய இந்திச் சொல். பசித்தாலும் அச்சா, வலித்தாலும் அச்சா. தமிழில் ஒரு சொல்லாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மூக்கு வழியே போட்டிருக்கும் சாப்பாட்டுக் குழாயை இடது கையால் பிடுங்கிப் போடுகிறார். பார்த்துக்கொள்ள வரும் ஆள், இங்கே பையா என்று கூப்பிடுவோம், அந்தக் கையைத் துணியால் கட்டிலோடு கட்டி வைக்கிறார். உறுத்துகிறது என்று பிடுங்குகிறாரா, போதும் என்று பிடுங்குகிறாரா, தெரியவில்லை. இனி தேற வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தால் இப்படியே வருஷக்கணக்கில் ஓடுமாம். வேண்டாமென்றால் வாய்வழியாக இறங்குகிறதை ஊட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான், அது அதிக நாள் தாங்காதாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜெகனைக் கேட்டால், அப்பா மனசு உங்களுக்குத்தானேம்மா தெரியும், நீங்களே சொல்லுங்கள் என்று பெங்களூரில் இருந்தபடி என் தலையில் போட்டுவிட்டான்.

இதற்காகத்தான் நனவோடை எழுதுவது எப்படி என்று உங்களிடம் கேட்டேன். எனக்கும் கதை எழுதும் ஆசை வந்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள். முற்றுப்புள்ளிக்கு என்ன பஞ்சமா என்று உங்கள் கதைகளைக் கிண்டல் செய்தவளாயிற்றே நான்! நீங்கள் சொன்னபடியே செய்தேன். அவர் தலைக்குள் உட்கார்ந்து, வந்ததை வந்தபடி, திருத்தாமல் எழுதினேன்.

முதலில் ஆற்றங்கரை, நெல்லையப்பர் தேர் என்று அழகழகாக வந்தது. படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு. லீவில் ஊருக்கு வந்தாலும் மூன்றாம் நாளே தில்லி டிக்கெட்டைத் தேடுகிற மனுஷர் அல்லவா அவர். கிழித்துப் போட்டேன். அடுத்து ஃபைல், டிஏ, ரிப்பேரான லிஃப்ட், இந்தியில் இரண்டு திட்டு என்று எழுதினேன். அது அச்சு அசல் அவர்தான். ஆனால் குழாய் வருகிற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அங்கே நான் எதைக் கேட்க ஆசைப்படுகிறேனோ அதைத்தான் அவர் சொல்கிறார்.

நேற்று இரண்டு விதமாகவும் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். ஒன்றில், இன்னும் கொஞ்ச நாள் உன்னோடு இருக்கிறேன் இந்திரா என்கிறார். கேட்டுவிட்டு அச்சா என்றார். இன்னொன்றில், கையை அவிழ்த்துவிடு, போதும் என்கிறார். அதற்கும் அச்சா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பையாவுக்குக் கேட்கக் கூடாதென்று குக்கர் சத்தத்தில் நின்று அழுதேன்.

மதினி, நீங்கள் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் மனசுக்குள் போய் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். எனக்காகப் பார்த்து மெருகேற்ற வேண்டாம். தபாலில் போட்டால் நாளாகிவிடும், அதனால் இதைப் படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே அனுப்புங்கள். ஜெகனுக்குத் தெரிய வேண்டாம்.

எழுதும்போது அவர் போதும் என்று சொன்னால், சொன்னபடியே எழுதிவிடுங்கள். அதை அவருக்கு வாசித்துக் காட்ட மாட்டேன். காட்டினால் அச்சா என்றுவிடுவார். நான் மட்டும் படித்துக்கொள்கிறேன்.

எங்கள் இருவரையும் ஆசீர்வதியுங்கள்.

உங்கள் தம்பி மனைவி,
இந்திராணி சிவஞானம்