அம்மாவின் குழுவும் உன் கட்டளையும்

அன்புள்ள மகனுக்கு,

உன் கட்டளையை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குழுக் கடனை முடித்துவிட்டு வெளியே வரச் சொல்லு, தையலும் வேண்டாம், நான் பணம் அனுப்புகிறேன் என்று நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே, "ஏன், அவனுக்கு வாயில்லையா? உங்களைத் தூது அனுப்புறான்?" என்றாள். இந்த வீட்டில் என் செல்வாக்கு உனக்குத் தெரியாததா?

அடுத்தவள் தவணையை அம்மா ஏன் கட்டணும் என்று கேட்டாய். குழுவில் இருக்கும் ஐந்து பேரில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும், அதுதான் அவர்கள் சட்டம். போன வாரம் குழுவில் இருக்கும் இஸ்திரி போடும் அக்காவுக்குக் காய்ச்சல், தவணை கட்ட முடியவில்லை. பள்ளிக்கூடப் பை தைத்த காசில் அம்மா பங்கு கொடுத்தாள். எனக்கும் எரிச்சல், கத்தினேன்.

"நீங்களா பேசுறீங்க?" என்றாள்.

உன் கடைசிப் பரீட்சை சமயத்தில், பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில் ஏணி நின்றது, நான்தான் நிற்கவில்லை. கால் கட்டோடு இரண்டு மாதம் கிடந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ளவே அம்மாவுக்கு நேரம் சரியாக இருந்தது, மிஷின் மூடியே கிடந்தது. நம் தவணையை அந்த நாலு பேர்தான் கட்டினார்கள். தெரிந்தால் நீ படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள்.

இனி இந்தத் தூது வேலை எனக்கு வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை நம் வீட்டில்தான் கூட்டம். நீயே வா. அந்த நாலு பேர் முகத்தையும் பார்த்து அம்மாவை எழுந்து வரச் சொல். உன்னால் முடிந்தால், மிஷினை நானே சுமந்துபோய் விற்றுவிட்டு வருகிறேன்.

உங்கள் இருவருக்கும் நடுவில் இடிபடும்,
அப்பா