குதிரைக்காரர் வீட்டுக் கல்யாணம்

கிளிநொச்சி
4.3.1962

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் மகள் விமலேஸ்வரியும் உங்கள் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குதிரைகளின் சுகம் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. அவை சுகமென்றால் நீங்களும் சுகமென்று எடுத்துக்கொண்டேன்.

நல்ல செய்தி ஒன்று. மகளுக்குப் பளையில் சம்பந்தம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்குப் புகையிரதப் பகுதியில் வேலை. கையில் நெல்லை அள்ளி ஊதிப் பார்க்கிற மாதிரித்தான் நேரில் போய்ப் பார்த்தேன்; பதர் இல்லை. ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் தாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "பொம்பிளையின்ர தேப்பன் வருவாரோ?" ஓம், வருவார் என்றேன். பத்மாசனி சொன்ன சொல்லை மாற்றியதில்லை என்று இந்தச் சந்தியில் யாரும் சொல்வார்கள். இது உங்களை நம்பிச் சொன்ன சொல்.

களத்தில் நெற்கதிர்ச் சூடு மிதிப்பு நடக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கடைசிவரை வந்தது. மூட்டைகள் மில்லில் இடமில்லாமல் விறாந்தையில் கிடக்கின்றன. நீங்கள் கப்பலேறியபோது கடகத்தில் அரிசி சுமந்து விற்றவள் நான். இப்போது மில்லும் லொறியும் இருக்கின்றன. சொல்லிக்காட்டவில்லை. வந்தால் சும்மா இருந்து சாப்பிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் அன்பு மனைவி
பத்மாசனி


கிரேக்க தேசம்
10.4.1962

அன்பின் பத்மா,

விமலேஸ்வரிக்குக் கல்யாணமா? என் தோளில் ஏறி "ஓடு குதிரை" என்று காதைப் பிடித்துத் திருகியவள்! கட்டாயம் வருவேன். யோர்கிக் கிழவனிடமும் சொல்லிவிட்டேன். குதிரைகளெல்லாம் அவருடையவை. கப்பலை விட்டு இறங்கி நின்ற எனக்குச் சோறு போட்டவர்.

இந்தத் தேசத்தில் அந்தக் காலத்தில் குதிரை வைத்திருந்தவன்தான் பெரிய மனிதன். பிள்ளைகளுக்கும் குதிரையை வைத்தே பெயர். பிலிப்பு என்றால் குதிரைப் பிரியன் என்று அர்த்தமாம். நம் சந்தியில் சைக்கிள் திருத்துகிற பிலிப்புவிடம் சொல், சந்தோஷப்படுவான். ஏதென்ஸ் நூதனசாலையில் ஒரு பழைய கல்லறைக் கல் பார்த்தேன். செத்துப்போனவர் சாப்பாட்டுக்குச் சாய்ந்திருக்கிறார், பக்கத்தில் மனைவி. யன்னலால் அவருடைய குதிரை தலையை நீட்டி அவரையே பார்க்கிறது. அந்தக் கல்லை விட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நிலைமை வேறு. சமவெளி ஊர்களுக்கு உழவு இயந்திரம் வந்துவிட்டது. வேலையில்லாத குதிரைகளைக் கப்பலில் இத்தாலிக்கு இறைச்சிக்கு அனுப்புகிறார்கள். இந்தத் தீவில் வண்டிப்பாதை இல்லாததால் இவை தப்பி நிற்கின்றன. கோடையில் பிரயாணிகள் வருவார்கள். துறையிலிருந்து மலையுச்சி மடத்துக்கு அவர்களை ஏற்றிப் போவது என் வேலை. மரச் சேணத்தில் இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு இருக்கவேண்டும். பயத்தில் கடிவாளத்தை இழுப்பார்கள். "இழுக்காதேங்கோ, வழி அதுக்குத் தெரியும்" என்பதை நாலு பாஷையில் சொல்லப் பழகிவிட்டேன்.

நெடுந்தீவில் வெளியில் காடாய்த் திரிகிற குதிரையைப் பிடித்து வெறும் முதுகில் ஏறியதற்கு ஊர் என்னை உதவாக்கரை என்றது. இங்கே அதற்கு மரியாதை இருக்கிறது, பத்மா.

அன்புடன்
கனகலிங்கம்


கிளிநொச்சி
20.5.1962

அன்புள்ள அத்தானுக்கு,

மகனின் கடிதம் என்று மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "நெடுந்தீவில ஒருத்தரும் வேண்டாமல் திரியுற குதிரையில ஏற, அங்க சனம் கப்பல்பிடிச்சு வருதோ?" என்று கேட்டா. மகள் கேட்கிறாள், "அப்பா குதிரையில வந்தே இறங்குவார்?" என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு குசினிக்குள் அடுப்படியில் போய் இருந்து கனநேரம் வெளியே வரவில்லை.

பந்தல், மேளம், சாப்பாடு எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். தாரை வார்த்துக்கொடுக்கத் தாயும் தகப்பனும் சோடியாக நிற்கவேண்டும். என் பக்கத்தில் நிற்க நீங்கள் வேண்டும். அதை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கமுடியாது. எந்தக் கப்பலில் ஏறுகிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

அந்தக் கல்லில் குதிரை யாரைப் பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் இருக்கிற மனைவி எதைப் பார்க்கிறாள் என்று எழுதவில்லை.

உங்கள் அன்பு மனைவி
பத்மாசனி


கிரேக்க தேசம்
28.6.1962

அன்பின் பத்மா,

முதலில் உறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கரையைப் பார்த்துப் பயப்படாதே. யோர்கிக் கிழவர் போய்விட்டார். செத்த வீட்டில் இந்த உறைதான் இருந்தது; கடை பூட்டு.

சாகிறபோது என் கையைப் பிடித்து, "என்ர குதிரைகளைக் கப்பலேற விடாதே" என்றார். ஓம் என்றேன். பிள்ளைகளுக்கு அவற்றில் அக்கறையில்லை. இறைச்சித் தரகன் அடுத்தநாளே துறையில் வந்து நிற்கிறான். இப்போது இங்கேயும் சூடு மிதிப்புக் காலம். நாம் மாடு விடுகிற மாதிரி, கம்பத்தைச் சுற்றிக் குதிரைகளைப் பிணைத்து விடுவார்கள். அதை விட்டால் அவற்றின் தீனிக்கு வழியில்லை.

ஆவணிக்கு வருவது கஷ்டம்போல இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தள்ளிப்போடச் சொல்லமுடியுமா? கோபிக்காதே.

அன்புடன்
கனகலிங்கம்


கிளிநொச்சி
22.7.1962

அத்தானுக்கு,

பயப்படாதே என்பதை உறைக்குள் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். உறையின் வெளியே கறுப்புக் கரை மட்டும்தான் இருந்தது.

கடிதம் வந்த அன்று நான் வவுனியாவுக்கு அரிசி லோட்டோடு போயிருந்தேன். தபால்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மாமியின் கையில் கொடுத்திருக்கிறார். அவவுக்கு எழுத்துத் தெரியாது, கரை தெரியும். இழவு உறையை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வேலியில் செருகிவிட்டு முற்றத்தில் விழுந்திருக்கிறா. பின்னேரம் நான் லொறியால் இறங்க, "ஐயோ, என்ர பிள்ளை எங்களை விட்டுப் போட்டானடி!" என்று வந்து என்மேல் விழுந்தா. சுற்றிவரப் பெண்கள். டிரைவர் மஹ்றூப் வேலிப் படலைக்கு வெளியே நின்று கத்துகிறான்: "அக்கா, முதல்ல கடிதத்தை உடைச்சுப் பாருங்கோ! மாமி, விடுங்கோ அவவை!" யார் கேட்டார்கள்? காப்பை உடைத்து, பொட்டை அழித்து, கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் வார்த்து, தாலியைக் கழற்றிச் செம்புத் தண்ணீருக்குள் போட்டார்கள். மகள் மயங்கிக் கிடந்தாள்.

உண்மையை எழுதுகிறேன். தலையில் தண்ணீர் விழுந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் நீங்கள் வருவீர்களென்று படலையைப் பார்க்கத் தேவையில்லை என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. அந்த நினைப்புக்குப் பிறகுதான் அழுதேன்.

ஈரச் சீலையோடு போய் வேலியிலிருந்த உறையை எடுத்தேன். உங்கள் கையெழுத்து. உடைத்து வாசித்தேன். மாமி சிரித்துச் சிரித்து அழுதா. வந்திருந்தவர்களுக்கெல்லாம் சீனி கொடுத்தா. நான் இரண்டாந்தரமும் வாசித்தேன். நீங்கள் செத்துப்போகவில்லை, வரவுமில்லை.

தாலியைத் திரும்பப் போடலாமா என்று மாமி குருக்களைக் கேட்டா. "கட்டினவர் உயிரோட இருக்கிறார். அவரே வந்து தன்ர கையால கட்டட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கல்யாணத்தைத் தள்ளிப்போட மாட்டேன். ஆவணிக்கு வந்து கட்டுங்கள். வராவிட்டால் இப்படியே இருப்பேன். வீம்புக்கு எழுதவில்லை, என்னைத் தெரியும்தானே.

பத்மாசனி


கிரேக்க தேசம்
12.8.1962

அன்பின் பத்மா,

உன் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். சத்தியமாகப் போனேன். கிழவர் வளர்த்த வெள்ளைப் பெண்குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு துறைவரை பின்னால் வந்தது. தரகன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். நான் திரும்பிவிட்டேன்.

மகளை உன் அண்ணனும் மச்சாளும் தாரை வார்த்துக் கொடுக்கட்டும். பிரயாணிகள் போனபிறகு, கார்த்திகையில் கட்டாயம் வருவேன். இதோடு குதிரைமேல் இருக்கிற என் படம் வைக்கிறேன். குருக்களிடம் மறுபடி கேள். படத்தை முன்னால் வைத்துத் தாலியைப் போட்டுக்கொண்டால் என்ன?

கனகலிங்கம்


கிளிநொச்சி
20.9.1962

அன்புள்ள விமலேஸ்வரியின் அப்பாவுக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மழை வரவில்லை. ஸ்கந்தபுரத்திலிருந்து பால் வந்தது; பாயாசம் மிஞ்சவில்லை. அண்ணனும் மச்சாளும் தாரை வார்த்தார்கள். அழைப்பிதழ் அடிக்கிற இடத்தில் உங்கள் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவதா என்று கேட்டார்கள். ஒன்றும் போடவேண்டாம், பெயரை மட்டும் அடியுங்கள் என்றேன்.

மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி. "புருஷன் இருக்கிறார்தானே, பொட்டை வைச்சுக்கொண்டு முன்னுக்கு வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தா. நான் போகவில்லை. தாலி கட்டும்போது குசினி வாசலில் நின்று பார்த்தேன். மேளம் கேட்டது. ஆட்களின் தலைகளுக்கு இடையால் மகளின் கழுத்து மட்டும் தெரிந்தது.

வெள்ளைக் குதிரை துறைவரை பின்னால் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போன அன்று உங்கள் மகளும் ஸ்டேசன்வரை பின்னால் ஓடி வந்தவள். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பார்த்திருப்பீர்கள். அப்போதும் வண்டியேறினீர்கள். இதில் எனக்குக் கோபமில்லை. ஒரு மனிதரின் மனம் எந்த இடத்தில் கட்டுப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், இழுத்துப் பார்ப்பதில் பிரயோசனமில்லை.

படத்தை மாமியின் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வடிவாகத்தான் இருக்கிறீர்கள். எங்களோடு இருந்த காலத்தில் இப்படிச் சிரித்த முகத்தை நான் பார்த்ததில்லை. தாலியை உருக்கி மகளுக்குக் காப்பாகச் செய்து போட்டுவிட்டேன். அதனால் குருக்களிடம் கேட்க ஒன்றுமில்லை.

மாமிக்கு உங்கள் கடிதம் வேண்டும். நான் வாசித்துக் காட்டுவேன். மலைப்பாதையைப் பற்றி எழுதுங்கள், பிரயாணிகளைப் பற்றி எழுதுங்கள், குதிரைகளைப் பற்றி எவ்வளவும் எழுதுங்கள். வருகிறேன் என்று மட்டும் எழுத வேண்டாம்.

பத்மாசனி