நம் தெருவிலிருந்து போகும் ஃபைபர்

அன்புள்ள அம்மாவுக்கு, காளிதாஸின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? ராய்ப்பூரில் போர்வெல் போடும் ரிக் வேலை ஓயவில்லை, நான் நலம்.

பிராட்பேண்டுக்காக நம்மூர் கேபிள்காரரிடம் போனில் பேசினேன்.

“உங்க காலனிக்கெல்லாம் ஃபைபர் இழுக்க முடியாதுப்பா.”

“ஓட்டுக் கேக்க மட்டும் எல்லாரும் வர்றாங்கல்ல, அந்த வழியிலயே இழுங்க” என்றேன்.

போனை வைத்துவிட்டார். வேறொரு கம்பெனிக்கு நம் பதினெட்டு வீடுகளும் சேர்ந்து விண்ணப்பித்தோம். கம்பம் நட்டு, இணைப்பும் வந்துவிட்டது! தங்கச்சி கோகிலா இனி ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி மேலத்தெருச் சுவரோரம் நின்று திட்டு வாங்க வேண்டாம்.

இன்று கம்பெனிக்காரர் கூப்பிட்டார். “மேலத்தெருவுலயும் நம்ம கனெக்‌ஷன் கேக்குறாங்க. உங்க கம்பத்துல இருந்துதானுங்க இழுக்கணும்.”

“இழுங்க. நாங்க தடுக்க மாட்டோம்” என்றேன்.

ஞாயிறன்று சமைக்கும்போது வீடியோ கால் போட்டு, போனை அடுப்புப் பக்கம் வை. பேசாவிட்டாலும் பரவாயில்லை. ரிக் வண்டி கிளம்புகிறது.

உன் மகன்,
காளிதாஸ்