கழுத்தை விட்டு அளந்த கம்பி

மார்ச் 4, செவ்வாய்
சர்க்கரைப்பாகுத் தொட்டிக்குப் புது டிரான்ஸ்மிட்டர் மாட்டியாச்சு. பாகுக்குள் நீட்டியிருக்கும் கம்பி சூட்டை உணரும், வெளியே இருக்கும் பெட்டி அதைத் திரைக்கு அனுப்பும். தேர்ந்தெடுத்தது நான். கம்பியின் நீளம் குறித்துக் கொடுத்ததும் நான்.

தொட்டியை ஓட்டுவது அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா. ஏழு வருஷமாக ஒரே வீடு, ஒரே பஸ். "ஏண்டி, பாகு இழுக்கிற இழுப்பைப் பாத்தா நூத்தஞ்சு டிகிரி தாண்டியிருக்கும். உன் பெட்டி தொண்ணூத்தாறுன்னு சாதிக்குதே?" என்றார். அத்தனை பேர் முன்னாலும். எனக்குச் சுருக்கென்றது. 'திரையில் வருவதை மட்டும் நம்பவும்' என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் கண்ணெதிரே ஒட்டினேன்.

மார்ச் 6
ஒரு தொட்டிப் பாகு கருகிவிட்டது. திரையை நம்பி அண்ணி நீராவியைக் கூட்டியிருக்கிறார். மேலாளர், "இத்தனை வருஷ அனுபவம், கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டு, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

மார்ச் 7
கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். அதைச் சொருகும் இடத்தில், தொட்டிக்கு வெளியே நாலு அங்குலத்துக்கு ஒரு குழாய்க் கழுத்து இருக்கிறது. நீளம் போட்டபோது அதைக் கூட்டவே இல்லை. கம்பி நுனி தொட்டிக்குள் எட்டாமல் கழுத்திலேயே நின்றிருக்கிறது. அங்கே சூடு எப்போதும் குறைவு.

படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?

மார்ச் 10
ஸ்டோரில் நீளக் கம்பி இருந்தது. பதிவேட்டில் 'வழக்கமான பராமரிப்பு' என்று எழுதிவிட்டு மாற்றினேன். குட்டைக் கம்பி என் கைப்பையில். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 11
காலையில் அண்ணி எனக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். "நான் சும்மாதானே இருக்கேன், நீ கிளம்பு." வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேனே.

மார்ச் 13
விசாரணை. மேலாளர் மீட்டரைச் சோதிக்கச் சொன்னார். துல்லியமாகக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? நான்தான் மாற்றிவிட்டேனே. "மீட்டர் சரி. அப்ப தப்பு ஆள் மேலதான்." திங்கட்கிழமை வேலைநீக்கக் கடிதம் தருவார்களாம்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ என்னடி சொல்றே? நீதானே இதுல படிச்சவ." நான் தரையைப் பார்த்தேன். சீ.

மார்ச் 14
"அக்கா மேல தப்பு இருக்குமா?" என்று இவர் கேட்டார். தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

மார்ச் 17, திங்கள்
குட்டைக் கம்பியை மேலாளர் மேசையில் வைத்தேன். பதிவேட்டில் எழுதியது பொய் என்றும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடமும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "அளவு தப்பறது யாருக்கும் வரும். தெரிஞ்ச பிறகும் என் கையால சாப்பாடு வாங்கிட்டுப் போனியே." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

மார்ச் 24
அண்ணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இருவருக்கும் இன்று ஒரே ஷிஃப்ட், அவர் முந்தின பஸ்ஸில் போய்விட்டார். நான் ஒட்டிய தாள் அங்கேயே இருக்கிறது. அவர் கிழிக்கவில்லை.

பத்து மணிக்குத் தொட்டியடியிலிருந்து போன். "மேடம், திரையில நூத்தஞ்சு காட்டுது. நம்பலாமா?"

ஏழு வருஷத்தில் ஒருநாளும் என்னை மேடம் என்றதில்லை.

"நீங்க பாகைப் பாத்துச் சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டார்.