பங்குனி வெயிலில் பாசி

பங்குனி 9, திங்கள்

மழை நின்று மாதக்கணக்காகிறது. பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பியின் மொட்டைமாடி சுண்ணாம்படித்து வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. என் மாடியில் மட்டும் பச்சைப் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டு எத்தனை முறைதான் தேய்ப்பது?

இன்றைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தபோதே அவன் வீட்டு மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பி, வழிந்த தண்ணீர் எல்லாம் என் பக்கம் கொட்டியது. எழுந்து போய்ப் பார்த்தேன். வழிகிற குழாயை என் மாடிக்குத் திருப்பிச் சிமெண்டும் பூசி வைத்திருக்கிறான்.

கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் கூசவில்லை.

"போன சித்திரையில சுண்ணாம்பு அடிச்சப்பவே திருப்புனதுதானுங்க்கா. தண்ணி நின்னா உரிஞ்சு போயிருமில்லீங்க? உங்க மாடி எப்படியும் பழசுதானுங்களே."

இறங்கி வந்துவிட்டேன்.

கார்த்திகையில் அந்தப் பாசியில்தான் வழுக்கி விழுந்தேன். ஓடி வந்து கைத்தாங்கலாக இறக்கிவிட்டவன் இவன்தான். "மழைக்காலமுங்க்கா, அப்பப்பத் தேச்சு உடோணும்" என்று புத்தி சொன்னவனும் இவன்தான். இடுப்பு வலி இன்னும் போகவில்லை.

நான் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.