தொட்டுப் பார்த்த அக்காவுக்கு

என் தங்கமான அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கடையில் உன் ஸ்டூலை யாரும் நகர்த்தவில்லை, நான் விடவில்லை. நம் தெருவில் ஒரு வீட்டில் டெலிவிஷன் வாங்கியிருக்கிறார்கள். சாயங்காலமானால் ஜன்னலில் கூட்டம். நீ இருந்திருந்தால், "சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லு, எனக்கு அது ரேடியோதான்" என்று கிண்டல் பண்ணியிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நீலகிரித் தோடர்களின் பூவேலைச் சால்வைக் கண்காட்சி அடையாற்றில் திரும்பவும் வரப்போகிறது. பேப்பரில் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போன தடவை நமக்கு அங்கே கிடைத்த மரியாதையை நான் மறக்கவில்லை.

பாண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர் பெண்கள் நாம். படியேறி வருகிறவர்களிடம் அப்பா சொல்லும் முதல் வார்த்தையே "தொட்டுப் பாருங்கம்மா" என்பதுதான். கண் மங்கி, பிறகு முழுக்கப் போன பின்னும் நீ கடைக்கு வந்தாய். விரலில் தேய்த்தே இது பருத்தி, இது கலப்பு என்று சொல்லிவிடுவாய். அதனால்தான் அந்த ஹாலில் நுழைந்ததும் உன் கை தானாகச் சால்வைக்குப் போனது. துணிக்கு முன்னால் நம் வீட்டுக் கை வேறென்ன செய்யும்?

வாட்ச்மேன் ஓடி வந்தான். "இன்னாம்மா, தொடாமல் பார்க்கவும்னு போர்டு கீதே, கண்ணு தெர்லயா?"

"தெரியலப்பா. அதான் தொடுதேன்" என்றாய் நீ.

ஹாலே திரும்பிப் பார்த்தது. கண்காட்சிச் செயலாளர் வந்து, பழங்குடி மக்களின் அரிய கலை, கைபட்டால் கெட்டுவிடும் என்று பாடம் நடத்தினார். அதைத் தைத்த தோடப் பெண்மணி அங்கேயே பெஞ்சில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியதா? நீதான் கேட்டாய். "போர்த்துறதுக்குத்தானே தைக்கிறோம், தொடட்டும்" என்று அவர் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து உன் கையில் கொடுத்தார்.

மேடு மேடாக ஓடிய தையலை விரலால் தொடர்ந்துகொண்டே போனாய். நிறம் கேட்டாய். சிவப்பு என்றேன். "எந்தச் சிவப்புடி? அரக்கா, தக்காளியா, மிளகாப்பழமா? துணிக்கடைக்காரன் மக மாதிரி சொல்லு." மிளகாய்ப்பழம் என்றேன், கறுப்புக்கு நடுவே மிளகாய்ப்பழம். நீ சிரித்தாய். பார்வை போனதிலிருந்து உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஒன்றோடு சரி. சுவர் முழுக்கத் தொங்கிய மற்றதில் ஒன்றையும் தொட விடவில்லை. "மிச்சத்தை அடுத்த தடவை பாக்கேன்" என்று பஸ்ஸில் சொன்னாய். அடுத்த தடவை வந்துவிட்டது. நீ எங்கே அக்கா?

அந்த போர்டு என்னைத் தூங்கவிடவில்லை. தொட்டுப் பார், கேட்டுப் பார், ருசித்துப் பார் என்று எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிற பாஷை நம்முடையது. அதில் கண் மட்டும்தான் பார்க்கும் என்று யார் முடிவு செய்தார்கள்?

போன வாரம் அதே செயலாளரிடம் நேரில் போனேன். பழைய சால்வையைக் கண்ணாடிக்குள் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தொடுவதற்கென்று சிலவற்றை அந்தப் பெண்களிடமே சொல்லித் தைத்து வாங்கி வையுங்கள். பக்கத்தில் நின்று நிறம் சொல்ல ஒரு ஆளைப் போடுங்கள். கையைக் கழுவிக்கொண்டே வருகிறோம் என்றேன். அவர் ரொம்பத் தாராளமாக, "ஹால் மூடியிருக்கிற நாள்ல பார்வையில்லாதவங்களைத் தனியா கூட்டிண்டு வாங்கோளேன்" என்றார். யாருக்கும் தொந்தரவு இருக்காதாம்.

"எங்க அக்கா மூடின கடையில போய்த் துணி எடுத்தவ இல்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சரியாகச் சொன்னேனா?

உன்னோடு பிரெயில் படித்த ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சாந்தோமில் மீன் விற்கிற அவள் அம்மாவுக்கு என்னைவிடக் கோபம். ஸ்டெல்லா மட்டும் நிதானமாக, "வுடலேன்னா பாயை எட்துக்கினு வந்து வாசல்லயே குந்திக்கலாம்க்கா. எத்தினி நேரம் தாண்டிக்கினு போவாங்க?" என்றாள். வகுப்பிலிருந்து இன்னும் சிலரை அழைத்து வருகிறாளாம்.

பயமாகத்தான் இருக்கிறது. போலீஸைக் கூப்பிட்டால் அப்பா என்ன சொல்வார்? நேற்று சொல்லிப் பார்த்தேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "போறதுதான் போற, நல்ல சேலையா கட்டிட்டுப் போ" என்றார்.

ஆகவே இது சத்தியம் அக்கா. திறப்பு நாளன்று, சாதாரண ஜனங்கள் போகிற அதே வாசலில், ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன். நீ பார்க்காமல் விட்ட மிச்சத்திலிருந்து ஆரம்பிப்போம். அவள் கேட்கும் சிவப்பெல்லாம் சரியாகச் சொல்வேன். வாட்ச்மேன் ஓடி வந்து, போர்டு கீதே, கண்ணு தெர்லயா என்று கேட்பான். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். தெரிந்தே தொடுவேன்.

இப்படிக்கு,
உனக்குக் கலர் சொன்ன தங்கை,
செண்பகம்