கோடவுனின் இடது மூலை

கோபத்தோடும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பிரியத்தோடும் தரணிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குத் துக்கம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்ளாதே. துக்கம் கொஞ்ச நாள் ஆளை அடித்துப் போட்டது உண்மை. அப்புறம் எல்லாம் கோபம்தான். மெட்ராஸ் போட்டியில் தோற்றுவிட்டேன். முதல் சுற்றிலேயே, வரிசையாக மூன்று ஆட்டமும்.

நாலு சுவருக்குள் இரண்டு பேர் நின்று ரப்பர் பந்தைச் சுவரில் அடிக்கிற ஸ்குவாஷ் ஆட்டத்தை, நீ மெட்ராஸில் படிக்கும்போது கற்றுக்கொண்டு வந்தாய். வந்த சூட்டோடு, திண்டிவனத்தில் உன் அப்பா வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற கோடவுனில் என்னையும் இழுத்துவிட்டாய். எண்ணெய் டின்னை வெட்டி நீட்டி, முன்சுவரின் அடியில் தகரமாக ஆணி அடித்தோமே, அது இன்னும் இருக்கிறது. பந்து அதில் பட்டு 'டொய்ங்' என்றால் பாயின்ட் போச்சு.

விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீசில் காலை டியூட்டி முடித்து, பஸ் பிடித்து ஓடி வருவேன். விக்கிரவாண்டியில் ஆள் ஏற்ற நிறுத்தினால்கூட எனக்குக் கடுப்பாக இருக்கும். ஏனென்றால் நமக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம்தான். உங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். ஆட்டம் சூடு பிடிக்கும்போதுதான் உன் அம்மா பின்கட்டிலிருந்து கூப்பிடுவார்கள். பூசை மணி கேட்டதுபோல நீ மட்டையைக் கீழே வைத்துவிடுவாய். சமணர்கள் எல்லோரும் இப்படித்தானா, இல்லை நீ மட்டும்தானா என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

அந்த இரண்டு மணி நேரமும் நாம் செய்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு நீளம், ஒரு குட்டை. இடது சுவரை ஒட்டி இரண்டு பந்து பின்மூலை வரைக்கும் போக வேண்டும். எதிராளி பின்னால் போனதும், மூன்றாவதைத் தகரத்துக்குச் சற்று மேலே தொட்டு, முன்மூலையில் போட வேண்டும். எனக்கு எப்போதும் இரண்டாவதிலேயே கை துறுதுறுக்கும்.

"ஜல்தி பண்ணாதடா சேகரு. ரெண்டு போவட்டும், அவன் பின்னால போவட்டும். மூணாவதுதான் உனுது."

ஆறு மாதத்தில் அந்த மூன்றாவது பந்து என் கைக்கு வந்துவிட்டது. முன்மூலையில் விழுந்தால் எழும்பவே எழும்பாது. தரையோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். உன்னாலேயே எடுக்க முடியாது. ஆரம்பத்தில் கடலைத்தோல் தூசியில் இருமி இருமிச் சாகக் கிடந்தவன், அந்த இருமல்கூட நின்றுபோனதில், உடம்பு பழகிவிட்டது என்று பீற்றிக்கொண்டேன். நீ சிரித்தாய்.

அப்புறம் உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. பதினோரு நாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நீ இல்லாத கோடவுனுக்குப் போக மனசு வரவில்லை. குவார்ட்டர்ஸ் பின்சுவரில் நீளப் பந்தை மட்டும் அடித்துப் பழகினேன். குட்டைதான் நமக்குக் கைவந்ததாயிற்றே என்று ஒரு திமிர். அந்தத் திமிரோடுதான் மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன்.

எதிராளி கண்ணாடி போட்ட, தொப்பை வைத்த ஒரு பேங்க் ஆபீசர். முதல் பாயின்ட்டில் இரண்டு நீளம் அருமையாகப் போனது. அவர் பின்மூலையில் மாட்டிக்கொண்டார். மூன்றாவதைத் தொட்டேன், தகரத்துக்கு ஒரு சாண் மேலே, கோடவுனில் போட்ட அதே பந்து. அது அந்தப் பலகைத் தரையில் விழுந்து, மடியில் வந்து உட்காருகிற குழந்தை மாதிரி எழும்பி நின்றது. அவர் ஓடக்கூட இல்லை தரணி. நடந்து வந்து அடித்தார். கடைசிவரைக்கும் அப்படியே நடந்து வந்தார்.

"அந்தத் தரை வேற மாதிரி இருக்கும். ஒரு மாசம் முன்னாடியே கூட்டிக்கினு போறேன், பழகிக்க" என்று நீ ஒருநாள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேறு மாதிரி என்றால் எப்படி என்று நான் ஏன் கேட்கவில்லை? நீயாவது ஏன் சொல்லவில்லை?

திரும்பி வந்த மறுநாள் நேரே உன் வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டில் டி.வி. வாங்கியிருக்கிறார்கள், தெருவே அங்கே கூடியிருந்தது, அவர் மட்டும் போகவில்லை. ஜெயிச்சியா என்று கேட்டார். எனக்கு வாய் அடங்கவில்லை.

"உங்க புள்ள சொல்லிக்குடுத்தது அத்தனையும் தப்புப்பா. இங்க எழும்பாத பந்து அங்க எழும்பி நிக்குது. ஒரு வருசம் என்னை ஏமாத்திட்டான்."

பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா அது? அவர் கோபப்படவில்லை. எழுந்து கோடவுனைத் திறந்து, இடது முன்மூலையைக் காட்டினார்.

"இங்க தானே எழும்பாது? எப்படி எழும்பும்? நீ பஸ்ஸுல வந்துக்கினு இருக்கும்போதே பக்கெட்டுல தண்ணி மொண்டாந்து தெளிச்சிடுவான். இந்த மூலையிலதான் தூசு ஜாஸ்தி. மல்லாட்டை மூட்டை அடுக்குற எடத்துல ஈரம் பண்றியேடான்னு டெய்லி திட்டுவேன். 'அவன் இருமிக்கினே ஆடுறான் நைனா, பாக்க முடியல'ம்பான்."

அந்த மூலை எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருப்பது எனக்கும் தெரியும். கோடவுன் வாகு அப்படி என்று நினைத்திருந்தேன். மடையன்.

இப்போது சொல், நான் யாரைத் திட்டுவது? தோற்றவன் எவன் மேலாவது பழியைப் போட்டால்தான் தூங்க முடியும். அதற்கும் நீ வழி வைக்கவில்லை. "டேய், தண்ணி தெளிச்சிருக்கேன், அதான் வழுக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? சொன்னால் வேண்டாம் என்பேன், மறுபடி இருமுவேன் என்றுதானே சொல்லவில்லை? எரிச்சலாக வருகிறது தரணி. நீ உயிரோடு இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடு, அவன்கிட்ட பேசுற மாதிரியே பேசிட்ட" என்றார். எனக்குத்தான் அது ஆறவில்லை.

நேற்று மட்டையை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தால் உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, பக்கெட்டில் தண்ணீரோடு அந்த மூலையில் நிற்கிறார்.

"தெளிக்கட்டா?"

"வேணாம்ப்பா. காஞ்சே இருக்கட்டும்."

பக்கெட்டை வைத்துவிட்டு நின்று பார்த்தார். இரண்டு நீளம் நன்றாகப் போனது. குட்டை எழும்பி நின்றது. மறுபடியும் எழும்பியது. சாயங்காலம் வரை ஒன்றுகூட அடங்கவில்லை. தூசியில் தொண்டை கட்டி இருமலாய் இருமினேன். இரண்டுமுறை அவர் கை பக்கெட்டுக்குப் போய்த் திரும்பியது. பொழுது சாய்வதற்குள் உன் அம்மா கூப்பிட்டார்கள். இந்தமுறை நானும் போய்ச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் புதுக் கடலை வருகிறதாம். மூட்டைகளை எல்லாம் வலது பக்கமாகவே அடுக்கச் சொல்லியிருக்கிறார் உன் அப்பா.

காய்ந்த தரையில் அந்த மூன்றாவது பந்து எழும்பாமல் விழுகிறவரை விடமாட்டேன். அடுத்த போட்டிக்கு ஒரு மாதம் முன்னாலேயே மெட்ராஸ் போய் அந்தத் தரையில் பழகிக்கொள்வேன். இரண்டாவதில் அவசரப்படவும் மாட்டேன். பதிலுக்கு நீ ஒன்று செய். நான் இருமுவது அங்கே கேட்டால், கேட்காத மாதிரி இரு.

உன்மேல் கோபம் தீராத மச்சான்,
சேகர்
விழுப்புரம்